மழை நிறுத்தும் இடங்கள்

மோட்டாரில் வெளியூர் புறப்படுகிறவர்கள் காலைப் பலகாரம் எங்கே, மத்தியானச் சாப்பாடு எங்கே என்று திட்டம் போட்டுக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் தாம்பரத்துக்குத் தெற்கே போனால் அந்தத் திட்டம் பெருங்களத்தூர் வரையில் செல்லுபடியாகும். அப்புறம் எங்கே நிற்பது என்பதைப் பழைய ஏரிகள் தீர்மானிக்கின்றன. வேடிக்கைப் பேச்சு என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். இதற்குச் சரித்திரம் உண்டு.

சென்ற வருஷம் கார்த்திகையில் குடும்பத்தோடு மதுராந்தகத்துக்குப் போனோம். ஊரப்பாக்கத்தில் ஒரு தடவை, கூடுவாஞ்சேரியில் ஒரு தடவை, பொத்தேரியில் ஒரு தடவை, ஆக மூன்று இடங்களில் வண்டி நின்றது. பொத்தேரியில் சாலை மேலேயே தண்ணீர் ஓடிற்று. குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம். டீக்கடையில் ஒதுங்கினோம்.

"ஏம்ப்பா, இந்த இடத்தில் மட்டும் இவ்வளவு தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது?" என்று அத்தை கேட்டாள்.

"ஊர்ப் பேரைப் பாருங்கம்மா. ஏரின்னு இருக்குதில்ல?" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வண்டலூர் என்ற பெயரைக் கேட்டாலே தண்ணீர் கொண்டுவந்து சேர்க்கும் வண்டல் நினைவுக்கு வருகிறது. அடையாற்றின் தலைப்பும் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில்தான் இருக்கிறது. செங்கற்பட்டுச் சீமையில் பெரிய ஜீவநதி கிடையாது. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். ஆகவே முன்னோர்கள் மழையையே பிடித்து வைத்தார்கள். மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு என்று சங்கிலி போலக் கோத்தார்கள். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39,000 ஏரி, குளங்கள் உண்டு.

இவற்றை யார் பார்த்துக் கொண்டார்கள்? உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் விடை இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை அவை. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியம் என்று தனியாக ஒன்று இருந்தது. கரையைக் காப்பதும் தூர் வாரிக்கச் செய்வதும் அதன் பொறுப்பு.

கும்பினியார் 1763-இல் இந்தச் சீமையை ஜாகீராகப் பெற்றார்கள். 1780-இல் மூண்ட ஹைதர் அலி யுத்தத்தில் கிராமங்கள் காலியாயின, ஏரிகள் பாழாயின. அதன் பிறகு கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். கண்டிப்பான மனிதர். ஏரி உடைந்தால் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லாவிட்டால் வரி இல்லை என்று அறிந்து, ஏரிகளைப் பழுது பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்.

மதுராந்தகத்தில் அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ராமர் கோயிலில் தாயார் சந்நிதி கட்ட அர்ச்சகர்கள் உதவி கேட்டார்களாம். "உங்கள் சுவாமி முதலில் இந்த ஏரிக்கரையைக் காப்பாற்றட்டும்" என்றாராம் துரை. 1798-இல் பெருமழை பெய்த ஓர் இரவு, கரை நிற்குமா என்று பார்க்கப் போனவர் கண்ணுக்கு, வில்லேந்திய இரண்டு வாலிபர்கள் கரைமேல் காவல் நிற்பது தெரிந்ததாம். கரை உடையவில்லை. சந்நிதி எழும்பியது. அவர் பெயரை அங்கே கல்லில் இன்றும் காணலாம். சுவாமிக்கும் ஏரி காத்த ராமர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் நடு இரவில், கொட்டுகிற மழையில், ஜில்லா கலெக்டர் ஏரிக்கரைக்குப் போனார் என்று ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்களே, அதைக் கவனிக்க வேண்டும். கரையைக் காப்பது அவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கிறது.

பிற்காலத்தில் அந்த நினைப்பு தளர்ந்தது. குடிமக்கள் தாங்களாகவே கூடிச் செய்த குடிமராமத்தை 1858-இல் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்த வேண்டியதாயிற்று. வீட்டுக்காரர் மனமுவந்து செய்கிற காரியத்துக்குச் சட்டம் எதற்கு? ஏரி தம்முடையது என்ற எண்ணம் ஊராரிடம் குறைந்துவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி. நம் காலத்தில் வயல்கள் மனைகளாயின. பாசனம் போனதும் ஏரி யாருக்கும் வேண்டாததாயிற்று. கால்வாய்களின் மேல் வீடுகள் எழுந்தன.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. சென்னைக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் மூன்றில் ஒரு பங்கு அது! முடிச்சூரில் ஜனங்கள் மாடியில் ஏறி நின்றார்கள். பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் கட்டிய வீடு கண்ணெதிரே மூழ்குவதைப் பார்த்தவர்களிடம், நீங்கள் ஏன் இங்கே கட்டினீர்கள் என்று கேட்பது நியாயமாகாது. மனை விற்றவரும் அனுமதி கொடுத்தவரும் அந்த இடத்தில் முன்பு கால்வாய் ஓடியதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

எங்கே கலங்கல் இருந்தது, அதன் நீர் எந்த வழியாக அடுத்த ஏரிக்குப் போயிற்று என்பது பழைய கிராமப் படங்களில் இருக்கிறது. வயதானவர்கள் ஞாபகத்திலும் இருக்கிறது. மனை வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு, மழைக்காலத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் போய், தண்ணீர் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரையும் விசாரிப்பது நல்லது.