தலைமைப் பகைவன் (நிகழ்பட ஆட்டம்)

நிகழ்பட ஆட்டங்களில் ஒரு நிலையின் முடிவிலோ ஆட்டத்தின் இறுதியிலோ ஆட்டக்காரரின் வழியை மறித்து நிற்கும், ஏனைய எதிரிகளைவிட வலிமை மிக்க பகைவன் தலைமைப் பகைவன் எனப்படுகின்றான். பேச்சு வழக்கில் இவன் பாஸ் எனவும், இவனுடன் நிகழும் மோதல் பாஸ் சண்டை எனவும் அழைக்கப்படும். இப்பகைவன் மனிதனாகவோ, விலங்காகவோ, இயந்திரமாகவோ, சில வேளைகளில் ஆட்டக்காரரின் சொந்த நிழலாகவோ இருக்கலாம். உருவத்தில் பெரிதாக இருப்பதும் எளிதில் சாகாதிருப்பதும் இவனது பொதுவான அடையாளங்கள். ஆயினும் இவ்விரண்டு மட்டும் ஒரு சண்டையைச் சிறந்ததாக்குவதில்லை.

பெயர்

ஆங்கிலத்தில் முதலாளி, மேலாளர் என்னும் பொருள்களைக் கொண்ட பாஸ் என்ற சொல்லே உலகெங்கும் இதற்கு வழங்குகின்றது. தமிழ்நாட்டில் இச்சொல் முன்பின் அறியாத ஒருவரை மரியாதையுடன் விளிக்கவும் பயன்படுவதால், "மேலாளர்" என நேரடியாகப் பெயர்த்தால் பொருள் சிதைந்துவிடும். தலைமைப் பகைவன், இறுதி எதிரி, பெரும்பகைவன் போன்ற சொற்கள் எழுத்து வழக்கில் பொருந்தக்கூடியவை. இக்கட்டுரையில் முதலாவது சொல் ஆளப்படுகின்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

1975 ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் பிளேட்டோ கணினி வலையமைப்பில் மாணவர்கள் எழுதிய டிஎன்டி என்னும் ஆட்டத்தில், ஒரு மந்திர உருண்டையைக் காத்து நின்ற பொன் டிராகனே முதல் தலைமைப் பகைவனாகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. 1980 இல் வெளிவந்த ஃபீனிக்ஸ் என்ற சுடுதல் ஆட்டத்தின் இறுதியில் வரும் தாய்க்கலம் இக்கருத்தைக் காசு போட்டு ஆடும் ஆட்டக்கூடங்களுக்குக் கொண்டு வந்தது.

1985 இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில் எட்டு உலகங்களின் முடிவிலும் ஒரு பாலத்தின் மீது பவுசர் என்னும் ஆமையரசனோ அவன் உருவெடுத்த போலியோ நிற்பான். அவனைத் தாண்டிச் சென்று பாலத்தின் கோடியில் உள்ள கோடரியைத் தொட்டால் பாலம் அறுந்து அவன் தீக்குழம்பில் வீழ்வான். அடித்துக் கொல்லாமலே ஒருவனை இடத்தைக் கொண்டு வெல்லும் இவ்வமைப்பு மிக எளிமையானது. இன்றும் பாடமாகக் காட்டத்தக்கது. 1990களில் இந்திய நகரங்களில் விற்பனையான மலிவான தொலைக்காட்சி ஆட்டக் கருவிகளின் வழியாகத் தமிழ்நாட்டுச் சிறுவர் பலருக்கும் இவ்வாட்டமும் கான்ட்ராவும் அறிமுகமாயின.

1987 இல் ஜப்பானில் வெளிவந்த மெகா மேன் ஆட்டத்தில் ஆறு பகைவர்களை விரும்பிய வரிசையில் எதிர்கொள்ளலாம். வென்றவனின் ஆயுதம் ஆட்டக்காரருக்குக் கிடைக்கும். அவ்வாயுதம் வேறொருவனுக்கு எமனாக அமையும். எனவே யாரை முதலில் எதிர்ப்பது என்ற தேர்வே சண்டையின் ஒரு பகுதியாயிற்று.

காசு போட்டு ஆடும் கருவிகளில் தலைமைப் பகைவனுக்கு இன்னொரு பணியும் இருந்தது. ஆட்டக்காரரை விரைவில் தோற்கடித்து அடுத்த காசைப் போட வைப்பதே அது. பிற்கால வீட்டு ஆட்டங்களில் இத்தேவை இல்லாதபோதும் அக்காலப் பழக்கத்தால் காரணமற்ற கொடுமை பல ஆண்டுகள் நீடித்தது. பழைய ஆட்டங்கள் அனைத்தும் கடினமானவை, ஆகவே சிறந்தவை என்று கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை.

சிறந்த சண்டையின் இயல்புகள்

ஆட்ட வடிவமைப்பாளரிடையே பெருமளவு உடன்பாடு உள்ள இயல்பு முன்னறிகுறி ஆகும். பகைவன் தாக்குவதற்கு முன் கையை ஓங்குவான், கண் சிவக்கும், ஓர் ஒலி எழும். இவ்வறிகுறிக்கும் அடிக்கும் இடையே ஆட்டக்காரர் கண்டு, உணர்ந்து, விரல் அசைக்க நேரம் வேண்டும். கண்ணால் கண்ட ஒன்றுக்கு மனிதர் எதிர்வினை காட்ட ஏறத்தாழ கால் நொடி ஆகும். ஒரு நொடிக்கு 60 சட்டங்கள் ஓடும் ஆட்டத்தில் இது 15 சட்டங்கள். அதனினும் விரைவாக வரும் அடியைக் கண்டு தவிர்க்க இயலாது. முன்பே மனப்பாடம் செய்திருந்தால் மட்டுமே தவிர்க்கலாம். தோற்றவர் "என் பிழை" என்று எண்ணினால் மீண்டும் ஆடுவார். "இது ஏமாற்று" என்று எண்ணினால் கருவியை அணைத்துவிடுவார். சண்டையின் நேர்மை பெரும்பாலும் இந்தக் கால் நொடியில்தான் தங்கியுள்ளது.

அடுத்தது, அதுவரை கற்றதைச் சோதித்தல். ஆட்டம் பத்து மணி நேரம் ஒன்றைக் கற்பித்துவிட்டு இறுதியில் வேறொன்றைக் கேட்டல் ஆகாது. 2011 இல் வெளிவந்த டியஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. மறைந்து செல்லுதல், கணினிப் பூட்டுகளை உடைத்தல், பேசி வெல்லுதல் எனப் பல வழிகளை அவ்வாட்டம் அனுமதித்தது. ஆனால் தலைமைப் பகைவரிடம் மட்டும் துப்பாக்கிச் சண்டையே வழியாக இருந்தது. ஒருவரையும் கொல்லாது வந்த ஆட்டக்காரர் அங்கே கையறு நிலையில் நின்றனர். அச்சண்டைகளை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துச் செய்வித்தது பின்னர் தெரியவந்தது. 2013 இல் வெளியான திருத்திய பதிப்பில் மாற்று வழிகள் சேர்க்கப்பட்டன.

பழைய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா (1989) ஆட்டத்தை இங்கு சற்று விரிவாகக் கூறுவது தகும். ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய இவ்வாட்டத்தைத் தமிழ்நாட்டின் பள்ளி, கல்லூரிக் கணினிக் கூடங்களில் ஆசிரியர் கண்ணில் படாது ஆடியவர் பலர். 60 நிமிடங்களில் இளவரசியை மீட்க வேண்டும். மூன்றாம் நிலையில் எழுந்து வரும் எலும்புக்கூட்டை வாளால் கொல்ல முடியாது. பின்னே தள்ளிப் பள்ளத்தில் வீழ்த்த வேண்டும். நான்காம் நிலையில் ஒரு கண்ணாடியினூடாகப் பாயும்போது நாயகனின் நிழல் பிரிந்து ஓடிவிடும். அடுத்த நிலையில் அது நமக்குரிய மருந்தைக் குடித்துவிட்டுப் போகும். பன்னிரண்டாம் நிலையில் அதே நிழல் வாளுடன் எதிரே நிற்கும். அதனை வெட்டினால் நமக்கும் உயிர் குறையும். கொன்றால் நாமும் சாவோம். வாளை உறையில் இட்டு நேரே நடந்து சென்றால் நிழலும் வாளை இட்டுவிட்டு நம்முடன் ஒன்றாகிவிடும். அதுவரை ஆட்டம் கற்பித்த "எதிரே நிற்பவனை வெட்டு" என்னும் பாடத்தை இச்சண்டை தலைகீழாக்குகின்றது. ஆயினும் இது ஏமாற்று அன்று. முதல் வெட்டிலேயே இருவருக்கும் உயிர் குறைவதைத் திரை காட்டிவிடுகின்றது. கூர்ந்து பார்ப்பவருக்கு விடை அங்கேயே உள்ளது. இதன் பின்னர் வரும் மந்திரி ஜாஃபருடனான வாட்போர் முறையானதே எனினும், ஆடியவர் நினைவில் நிற்பது நிழலே.

இத்தகைய தலைகீழாக்கம் பின்னரும் சில ஆட்டங்களில் வெற்றி பெற்றது. 1998 இல் வெளியான மெட்டல் கியர் சாலிட் ஆட்டத்தில் மனத்தைப் படிக்கும் பகைவன் ஒருவன், நினைவட்டையில் சேமித்துள்ள வேறு ஆட்டங்களின் பெயரைச் சொல்லி ஆட்டக்காரரைத் திகைக்கச் செய்வான். ஆட்டக்காரரின் அசைவுகளை அவன் முன்பே அறிவதால் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றி இரண்டாம் செருகுவாயில் இணைத்து ஆட வேண்டும். 2005 இல் வெளியான ஷாடோ ஆஃப் த கொலோசஸ் ஆட்டத்தில் சிறு எதிரிகளே இல்லை; பதினாறு பேருருவங்கள் மட்டுமே உண்டு. அவற்றுட் சில தாமாகத் தாக்குவதுமில்லை. ஒவ்வொன்றும் வீழும்போது வெற்றி முழக்கத்திற்குப் பதிலாகச் சோக இசை ஒலிக்கும். தான் செய்தது சரியா என்ற ஐயம் ஆட்டக்காரரிடம் மெல்ல வளர்கின்றது.

மூன்றாவது இயல்பு கட்டங்களாகப் பிரிதல். வீழ்ந்தான் என்று எண்ணிய பகைவன் புது உருவுடன் எழுவான். வேகம் கூடும், இசை மாறும், களம் சுருங்கும். மாற்றம் இன்றி உயிரளவை மட்டும் நீட்டினால் சண்டை சலிப்பைத் தரும்.

தமிழ் மரபில் ஒப்புமைகள்

உருமாறி எழும் பகைவன் தமிழருக்குப் புதியவன் அல்லன். ஐப்பசி மாதக் கந்த சட்டியின் ஆறாம் நாளில் திருச்செந்தூர்க் கடற்கரையிலும் ஏனைய முருகன் கோயில்களிலும் நிகழும் சூரசம்காரத்தில் சூரனின் உருவம் முருகனை வலம் வந்து எதிர்நிற்கும். யானைமுகம், சிங்கமுகம், சூரனின் சொந்த முகம் என ஒவ்வொன்றாக வேல் பட்டு வீழ, அடுத்த தலை பொருத்தப்படும். இறுதியில் மாமரம். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் தாரகனும் சிங்கமுகனும் சூரனின் தம்பியர். தனித்தனிப் போர்களில் மடிபவர்கள். திருவிழாவோ அவர்களை ஒரே உருவத்தின் அடுத்தடுத்த தலைகளாக்கிக் காட்டுகின்றது. கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கும் எத்தனை போர் முடிந்தது, எத்தனை எஞ்சியுள்ளது என்பது தலையைப் பார்த்தே விளங்கும். திரையின் மேல் உயிரளவைக் கோடு செய்யும் வேலையை இங்கு மாறும் தலை செய்கின்றது. பிளவுண்ட மாமரம் மயிலும் சேவலும் ஆகி முருகனின் ஊர்தியும் கொடியும் ஆவது, வென்றவனின் ஆற்றலைத் தனதாக்கும் மெகா மேன் முறையை நினைவூட்டுகின்றது. இது ஒப்புமை மட்டுமே. ஒன்றிலிருந்து மற்றது தோன்றியது என்று கொள்ளலாகாது.

இரண்டாவது ஒப்புமை படுகளம். வேப்பூர், விருத்தாசலம் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டுப் பகுதி திரௌபதி அம்மன் வழிபாடும் தெருக்கூத்தும் வேரூன்றிய நிலமாகும். அங்கு பாரத விழாவின் முடிவில் பதினெட்டாம் போர் ஆடப்படும். திறந்த வெளியில் மண்ணால் மிகப் பெரிய துரியோதனன் படுத்த நிலையில் அமைக்கப்படுவான். இரவு முழுதும் நடந்த கூத்து காலை வெயிலில் களத்துக்கு வர, வீமனும் துரியோதனனும் வேடமிட்ட கூத்தர் அவ்வுருவத்தைச் சுற்றியும் அதன் மீதேறியும் கதை சுழற்றி ஓடுவர். இறுதியில் மண்ணுருவின் தொடையில் அடி விழும். அங்கு வைக்கப்பட்டிருக்கும் செந்நீர் வெளிப்படும். சூதாட்ட நாள் முதல் விரிந்து கிடந்த திரௌபதியின் கூந்தல் அதன் பின்னரே முடிக்கப்படும். விருத்தாசலம் சுட்ட பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். படுகளத்து மண்ணுருவமோ சுடப்படுவதில்லை. மழையில் கரைந்து நிலத்தோடு சேர்ந்துவிடும்.

இச்சண்டையில் ஆட்ட வடிவமைப்பாளர் கற்க வேண்டியவை சில உள்ளன. முதலாவது நுழைவு. கூத்தில் பெரிய வேடம் திடீரென்று களத்தில் தோன்றுவதில்லை. கட்டியங்காரன் வரவை அறிவிப்பான். இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து பாட்டும் மத்தள ஒலியும் வரும். திரைக்கு மேல் முடி மட்டும் தெரியும். பகைவன் பெரியவன் என்பதை எவரும் சொல்லாமலே காத்திருப்பு உணர்த்திவிடுகின்றது. இரண்டாவது வலுவற்ற இடம். பல ஆட்டங்களில் பகைவனின் முதுகில் ஒளிரும் சிவப்புப் புள்ளிக்குக் காரணம் எதுவும் இராது. துரியோதனனின் தொடைக்கு ஒரு கதை உண்டு. அவையில் திரௌபதியை அமரச் சொல்லித் தட்டிய தொடை அது; அதனைப் பிளப்பேன் என்பது வீமனின் சூள். தாய் காந்தாரியின் பார்வை படாததால் வலுப்பெறாத இடம் என்று செவிவழிக் கதையும் கூறும். மூன்றாவது மிக முக்கியமானது. கதைப் போரில் இடைக்குக் கீழே அடித்தல் முறையன்று. கண்ணனின் குறிப்பறிந்து வீமன் அடித்த அடி வெற்றியையும் பழியையும் சேர்த்தே கொண்டு வருகின்றது. பலராமன் சினந்து எழுகின்றான். எங்கே அடிக்க வேண்டும் என்பது கூட்டத்தில் அனைவருக்கும் தெரியும். அடிக்கலாமா என்பதில் ஊர்த் திண்ணையில் இன்றும் வழக்கு உண்டு.

இந்திய ஆட்டங்களில்

புனே நகரின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020 இல் வெளியிட்ட ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக், இந்தியத் தொன்மங்களைக் களமாகக் கொண்ட ஆட்டங்களுள் குறிப்பிடத்தக்கது. கடத்தப்பட்ட தம்பியைத் தேடும் பெண்ணொருத்தி அசுரர் தலைவன் மகாபலாசுரனை நோக்கிச் செல்கின்றாள். நிழற்பாவைக் காட்சிகளும் கட்டடங்களும் பாராட்டப்பட்டன. முடிவு திடீரென்று நின்றுவிடுவதாகக் குறை கூறப்பட்டது. தமிழர் வாழ்வைக் கூறி உலகளவில் அறியப்பட்ட வெண்பா (2023, கனடா) சமையலை மையமாகக் கொண்டது. அதில் தலைமைப் பகைவன் இல்லை.

கடினம் பற்றிய விவாதம்

2019 இல் ஃபிரம் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் செகிரோ வெளியானபோது ஒரு நெடிய விவாதம் எழுந்தது. அவ்வாட்டத்தில் கடின அளவைக் குறைக்கும் தெரிவு இல்லை. வாளோடு வாள் மோதும் நேரத்தைப் பழகினாலன்றிப் பெரும்பாலான தலைமைப் பகைவரைத் தாண்டுவது கடினம். கடினமே படைப்பின் பொருள், அதனைக் குறைத்தால் வெற்றியின் சுவை கெடும் என்றனர் ஒரு சாரார். விரல் அசைவு, பார்வை, செவித்திறன் ஆகியவற்றில் குறையுள்ளவர் முயற்சியின்மையால் தோற்பதில்லை என்றனர் மற்றவர். 2018 இல் வந்த செலெஸ்ட் கடினமான ஆட்டமாகவே இருந்தும், வேகத்தைக் குறைக்கவும் உயிரிழப்பை நிறுத்தவும் உதவி முறையை வழங்கியது. அதனால் அவ்வாட்டத்தின் பெயர் கெடவில்லை. 2020 இல் வந்த த லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் அறுபதுக்கும் மேற்பட்ட அணுக்க அமைப்புகளைக் கொண்டிருந்தது.

2022 இல் வெளியான எல்டன் ரிங் ஆட்டத்தின் மலேனியா இவ்விவாதத்தை மீண்டும் எழுப்பினாள். ஒவ்வொரு முறை அவள் அடி படும்போதும், கேடயத்தால் தடுத்தாலும்கூட, அவள் உயிர் மீளும். இதனை உச்சச் சாதனை என்போரும் நேர்மையற்றது என்போரும் உளர். அவ்வாட்டத்தில் ஆவித் துணைவரை அழைக்கலாம். வேறு ஆட்டக்காரரின் உதவியையும் பெறலாம். அவ்வாறு பெற்ற வெற்றி வெற்றியன்று எனச் சிலர் எள்ளுவதும் உண்டு. உதவியை ஆட்டத்தினுள்ளேயே வைத்தவர்கள் அதனை உருவாக்கியவர்கள்தாம் என்பதால் இந்த எள்ளலுக்கு அடிப்படை இல்லை.