காணாப் பத்தியின் வரலாறு: இந்தியப் பள்ளித் தேர்வுகளில் ஆங்கிலக் கருத்துணர் வினாக்கள்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாள், மாணவர் முன்னர்ப் படித்திராத உரைப்பகுதிகளுடன் தொடங்குகிறது. எழுத்துத் தேர்வுக்குரிய 80 மதிப்பெண்களில் 20 இப்பகுதிக்கு உரியவை. மாநில வாரியங்களின் தாள்களிலும் இதனை ஒத்த வினாக்கள் உள்ளன. பள்ளி வழக்கில் 'அன்சீன் பாசேஜ்' என்றும் 'காம்ப்ரிஹென்ஷன்' என்றும் வழங்கும் இவ்வினா வகை, ஆங்கிலக் கல்வி இந்நாட்டில் வேரூன்றிய நாள் தொட்டு இருந்துவருவது போன்ற தோற்றம் உடையது. உண்மையில் இது காலத்தால் பிற்பட்டது. இதன் வரவோடு மற்றொன்று வெளியேறியது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்கது. வெளியேறியது மொழிபெயர்ப்பே ஆகும்.

மெக்காலேயின் குறிப்பு 1835ஆம் ஆண்டிலும் உட்டின் கல்வி அறிக்கை 1854ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் தோற்றுவிக்கப்பட்டன. அவை நடத்திய நுழைவுத் தேர்வே உயர்நிலைப் பள்ளிக் கல்வியின் முடிவெல்லையாகவும் அக்கல்வியின் உள்ளடக்கத்தை வரையறுக்கும் ஆற்றலாகவும் அமைந்தது. பாடமாக வைக்கப்பெற்ற நூற்பகுதிக்குப் பொழிப்புரை எழுதுதல், இலக்கணக் கூறுகளைச் சுட்டுதல், தாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்த்தல் ஆகியவையே அக்காலத் தேர்வு முறையின் அடிப்படைகள். ஆங்கில இலக்கியக் கல்வி இந்தியாவில் ஆட்சிக் கருவியாகச் செயற்பட்ட திறத்தைக் கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அவ்வாய்வின் அரசியல் முடிவுகளை ஏற்பினும் மறுப்பினும், நடைமுறை ஒன்று தெளிவு. பாடநூல் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்கான பொழிப்புரையையும் முன்கூட்டியே நெட்டுருச் செய்துவிடலாம். அவ்வாறே செய்தனர். கர்சன் காலத்தில், 1902இல் அமைக்கப்பெற்ற இந்தியப் பல்கலைக்கழக ஆணையத்தின் முன் எழுந்த குறைபாடுகளுள் நெட்டுருவும் திறவுகோல் நூல்களும் முதன்மையானவை.

நெட்டுருவுக்கு மாற்று, மாணவர் காணாத பகுதியைக் கொடுப்பதே என்னும் எண்ணம் புதிதன்று. 'அன்சீன்' என்ற சொல்லாட்சியே இங்கிலாந்தின் இலத்தீன், கிரேக்க வகுப்பறைகளிலிருந்து வந்ததாகும். அங்கு அச்சொல் குறித்தது, முன்பின் பாராத பகுதியை அகராதியின் துணையின்றி ஆங்கிலத்தில் பெயர்க்கும் பயிற்சியை. ஒருவர் ஒரு பகுதியைப் புரிந்துகொண்டாரா என்பதற்கு அவர் தம் மொழியில் அதனைச் சொல்லிக் காட்டுவதே சான்று. தனியே வினாக்கள் வேண்டியதில்லை என்பது அம்மரபின் கருத்து. கேம்பிரிட்ஜ் 1913இல் தொடங்கிய ஆங்கிலப் புலமைத் தேர்விலும் மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், வாய்மொழித் தேர்வு ஆகியன இடம்பெற்றனவேயன்றிக் கருத்துணர் வினா என்று தனியொரு பகுதி இல்லை.

படித்துணர்தலைத் தனித்ததோர் அறிவுச் செயலாகப் பிரித்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக். அவர் 1917இல் வெளியிட்ட கட்டுரையில், ஓர் ஊரின் கட்டாயப் பள்ளி வருகை விதியைக் கூறும் ஒரே வாக்கியம் கொண்ட பத்தியைச் சிறாருக்குக் கொடுத்து, அவர்கள் செய்த பிழைகளை வகைப்படுத்தினார். பிழைகளுக்குக் காரணம் சொற்பொருள் தெரியாமை மட்டுமன்று. பத்தியில் உள்ள ஏதேனும் ஒரு சொல் அளவுக்கு மீறிய வலிமை பெற்று ஏனைய சொற்களை அமிழ்த்திவிடுவதே பெருங்காரணம் என்பது அவர் கண்ட முடிவு. படித்தல் என்பது ஒரு கணக்கைத் தீர்ப்பது போன்றதே. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எடையை அளித்து, வேண்டியதைக் கொண்டு வேண்டாததை விலக்கும் ஆய்வுச் செயல் என்று அவர் கருதினார். தாய்மொழியில் படிக்கும் சிறாரிடம் கண்ட இவ்வுண்மை, இரண்டாம் மொழியில் படிப்போர்க்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

இக்கருத்தோட்டத்தை இந்திய வகுப்பறைக்குக் கொணர்ந்தவர்களுள் தலையாயவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் சேர்ந்து டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய இவர், வங்காளத்தைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு எழுதிய இருமொழியம் பற்றிய அறிக்கை 1926இல் கல்கத்தாவில் வெளியாயிற்று. ஆங்கிலம் கற்கும் வங்கச் சிறுவனுக்கு உண்மையில் எது தேவை என்ற வினாவை முதலில் எழுப்பியதே அவ்வறிக்கையின் சிறப்பு. ஆங்கிலேயரோடு உரையாடும் வாய்ப்பு பெரும்பான்மைச் சிறுவர்க்கு வாழ்நாளில் ஒருமுறையும் நேராது. தம் மொழியில் இன்னும் எழுதப்பெறாத அறிவுத் துறைகளைப் படித்தறியும் தேவையே அவர்களுக்கு உண்டு. ஆகவே பேச்சுக்கு முன் வாசிப்பு என்றார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானில் இருந்த ஹெரால்ட் பால்மர் பேச்சையே முதற்படியாகக் கொண்டார் என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

வெஸ்ட் பயன்படுத்திய ஒரு தொடர் மொழிபெயர்ப்பாளரின் கவனத்துக்கு உரியது. ஆயுள் காப்பீட்டில் இடையில் கைவிடப்படும் ஒப்பந்தத்துக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையைச் 'சரண் மதிப்பு' என்பர். அக்காப்பீட்டுச் சொல்லை அவர் மொழிக் கல்விக்கு ஏற்றினார். பள்ளியில் சேர்வோருள் பெரும்பாலோர் மெட்ரிகுலேஷன் வரை செல்வதில்லை. மூன்றாண்டு, நான்காண்டு ஆங்கிலம் பயின்று இடையில் நிற்கும் சிறுவன் கையில் எஞ்சுவது யாது? இலக்கண விதிகளின் முற்பாதியும் உரையாடலின் சில தொடர்களும் எஞ்சினால் அவற்றின் சரண் மதிப்பு சுழியம். எளிய நூல் ஒன்றைத் தானே படிக்கும் ஆற்றல் எஞ்சினால் அது பயன்படும், மேலும் வளரும். தேர்வில் வெற்றி பெறுவோரைக் கொண்டன்றி, இடைநின்றோரைக் கொண்டு பாடத்திட்டத்தை அளந்த இந்நோக்கு, அக்காலக் கல்வி எழுத்துகளில் அரிது.

அன்றைய ஆங்கில வாசகங்களில் புதுச்சொற்கள் நெருக்கமாக மிடைந்திருந்தமையால் சிறுவர் வாசிப்பின் இன்பத்தை எய்தவில்லை என்று கண்ட வெஸ்ட், தார்ண்டைக் 1921இல் வெளியிட்ட சொற்பட்டியலின் துணைகொண்டு, அருகிய சொற்களை நீக்கி, புதுச்சொற்களை இடைவெளி விட்டு அமைத்த வாசகங்களை உருவாக்கினார். கட்டுப்படுத்திய சொற்றொகுதி பற்றிய அவருடைய பிற்காலப் பணி 1953இல் வெளியான பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலில் நிறைவுற்றது. இங்கு முதன்மையாகக் குறிக்க வேண்டியது வினாக்கள் பற்றிய அவர் முறையாகும். வினாக்களைப் பத்திக்குப் பின் வைக்காமல் முன் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எதைத் தேடுகிறோம் என்று அறிந்து படிப்பவன் விரைந்தும் பொருள் நோக்கியும் படிப்பான். வினா அவனுக்கு நோக்கம் ஒன்றைத் தருகிறது. இன்று தேர்வுப் பயிற்சி நூல்கள் 'முதலில் வினாவைப் படி, பிறகு பத்தியைப் படி' என்று கற்பிக்கும் உத்தி புறத்தோற்றத்தில் இதுவே. உள்ளீடு மாறிவிட்டது. வெஸ்டுக்கு வினா வாசிப்பின் தூண்டுகோல். பயிற்சி நூலுக்கோ அது வாசிப்பைத் தவிர்க்கும் குறுக்குவழி.

விடுதலைக்குப் பின் கொள்கையும் வகுப்பறையும் எதிரெதிர்த் திசைகளில் சென்றன. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி ஆணையம் ஆங்கிலத்தை 'நூலக மொழி' என்றது. அதாவது படிப்பதற்குரிய மொழி. அதற்கு முன்னரே, 1950களில், வாக்கிய அமைப்புகளைப் படிநிலைப்படுத்தி வாய்மொழியாகத் திரும்பத் திரும்பப் பயிற்றும் அமைப்புமுறைப் பாடத்திட்டம் பரவத் தொடங்கியிருந்தது. 1958இல் ஐதராபாத்தில் நிறுவப்பெற்ற மத்திய ஆங்கில நிறுவனம் ஆசிரியர் பயிற்சியில் பெரும்பணி ஆற்றிற்று. ஆயினும் நூலகத்துக்குச் செல்ல வேண்டிய மாணவன் வகுப்பில் வாக்கியப் பதிலீட்டு அட்டவணைகளை ஒப்பித்துக்கொண்டிருந்தான் என்பதே பொதுநிலை.

கருத்துணர்தல் என்னும் கலைச்சொல்லுக்குத் தேர்வுத் துறையில் உறுதியான இடம் கிடைத்தது வேறொரு வாயிலாக. பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் கல்வி நோக்கங்களின் வகைப்பாட்டை 1956இல் வெளியிட்டனர். அதையடுத்து இந்தியா வந்த புளூமின் ஆலோசனையின் பின்னணியில், 1958இல் மத்தியத் தேர்வுப் பிரிவு அமைந்தது. அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்ற நாற்பெரும் பிரிவுகளும், ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண் என வகுக்கும் வினாத்தாள் திட்ட வரைவும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் நிலைபெற்றன. புளூம் வகைப்பாட்டில் கருத்துணர்தல் மூன்று உட்பிரிவுகளை உடையது. அவற்றுள் முதலாவது மொழிபெயர்த்தல். மற்றவை விளக்கங்காணல், தொடர்ந்துய்த்தல். மொழிபெயர்த்தல் என்று அவர் கூறியது ஒரு மொழியிலிருந்து பிறிதொரு மொழிக்குப் பெயர்ப்பதை மட்டுமன்று. ஒரு வடிவில் உள்ள செய்தியை மற்றொரு வடிவில் தருவது எதுவாயினும் அதில் அடங்கும். ஆனால் இந்தியாவில், ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும் என்ற நேர்முறைக் கொள்கையின் செல்வாக்கால், தாய்மொழியில் பெயர்த்துச் சொல்லும் வினா பல வாரியங்களின் ஆங்கிலத் தாளில் மதிப்பிழந்தது. கருத்துணர்தலுக்கு அரியணை தந்த அதே கை அதன் முதற்பிரிவை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது.

இவ்வினா வகைக்கு இந்திய மொழிகள் அமைத்துக்கொண்ட பெயர்கள் தனியே ஆராயத்தக்கவை. இந்தியில் இது 'அபடித் கத்யாம்ச்'. ஓதப்பெறாத உரைப்பகுதி என்பது பொருள. ஆங்கிலம் கண்ணை முதன்மைப்படுத்திக் 'காணாதது' என்றது. இந்தியோ வாய்விட்டு ஓதுதலைக் குறிக்கும் 'பட்' என்னும் வேரைக் கொண்டு, வகுப்பில் பாடம் சொல்லப்படாதது எனக் கல்வி மரபுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. தெலுங்கில் 'அபரிசித கத்யம்', அறிமுகமற்ற உரைநடை. வங்காளியின் 'போத் பரீக்ஷண்' பத்தியை விட்டுச் செயலைக் குறிக்கிறது. குஜராத்தியில் வழங்கும் 'அர்த்தக்ரஹண்' பொருளைப் பற்றுதல். பற்றுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்த ஆங்கிலச் சொல்லுக்கு இதுவே மிக அண்மையது. மராத்தியின் 'ஆகலன்' இதனோடு சேர்வது. தெலுங்கு 'அவகாஹன'வில் நீரில் மூழ்கும் படிமம் உண்டு. தமிழ்த் தேர்வுத் தாள்களோ பெயர் எதுவும் இடாமல், உரைப்பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடை தருக என ஏவலாகவே கூறிவந்தன. 'கருத்துணர்தல்' ஆசிரியர் பயிற்சி நூல்களில் நின்ற அளவுக்கு மாணவர் நாவில் ஏறவில்லை. பெயரில்லாமை ஒரு குறை என்று கொள்ள வேண்டியதில்லை.

வினாவின் மொழியமைப்பே அதன் பெரும் வலுவின்மை. 'நெட்டுளன் குமிரியைத் தவுக்கினான்' என்ற வாக்கியத்தில் எச்சொல்லுக்கும் பொருளில்லை. ஆயினும் 'குமிரியைத் தவுக்கியவன் யார்?' என்றால் தமிழறிந்த எவரும் 'நெட்டுளன்' என்று விடை கூறுவர். முழு மதிப்பெண்ணும் பெறுவர். வேற்றுமை உருபும் வினைவிகுதியும் அவ்விடையைத் தந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் உருபின் பணியைச் சொல்வரிசை செய்கிறது. எழுவாயை வினவும் ஆங்கில வினாவில் பத்தியின் வாக்கியம் மாற்றமின்றி நிற்பதால், அதனை அப்படியே பெயர்த்தெழுதினால் போதும். செயப்படுபொருளை வினவும்போது துணைவினை புகுந்து வினைமுற்றின் வடிவம் மாறுவதால் சிறிது இலக்கணப் பயிற்சி தேவைப்படுகிறது. இரண்டிலும் பொருளுணர்வு தேவைப்படவில்லை. தார்ண்டைக் பிழையென்று கண்ட சொல்லின் மிகைவலிமையையே இங்குப் பயிற்சி, உத்தியாக மாற்றியிருக்கிறது.

இந்நிலைக்கு வகுப்பறையிலிருந்து எழுந்த சிறந்த எதிர்வினை என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் நடத்திய திட்டமாகும். தொடர்வண்டிக் கால அட்டவணை, ஊர் வரைபடம் முதலியவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து உய்த்துணர்ந்தே விடை காணக்கூடிய பணிகளை அவர் அமைத்தார். இன்ன நேரத்துக்குள் இன்ன ஊரை அடைய எந்த வண்டியில் ஏற வேண்டும் என்ற வினாவுக்குரிய விடை அட்டவணையில் வாக்கியமாக இல்லை, பெயர்த்தெழுத முடியாது. மத்திய வாரியம் 1993இல் ஒன்பதாம் வகுப்பில் கொணர்ந்த கருத்துப்பரிமாற்ற ஆங்கிலப் பாடத்திட்டம், வாசிப்பைத் தனிப் பகுதியாக்கி, குறிப்பெடுத்தல், அட்டவணை நிரப்புதல் போன்ற வடிவங்களுக்கு இடமளித்தது. அதே வாரியம் 2014இல் நடைமுறைப்படுத்திய திறந்த பனுவல் மதிப்பீட்டில் உரைப்பகுதி பல வாரங்களுக்கு முன்பே மாணவர் கையில் தரப்பட்டது. காணாப் பத்தியைக் கண்ட பத்தியாக்கிய இம்முயற்சி சில ஆண்டுகளில், 2017இல், கைவிடப்பட்டது.

குறை ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியாக நடந்த பீசா பன்னாட்டு மதிப்பீட்டில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. வாசிப்புத் திறனில் இவ்விரண்டும் ஏறத்தாழக் கடைசி இடங்களைப் பெற்றன. அம்மதிப்பீடு அயல்மொழிப் புலமையை அளப்பதன்று. பயிற்றுமொழியில் படித்ததை எடைபோட்டுப் பயன்கொள்ளும் ஆற்றலை அளப்பது. மாதிரித் தெரிவு பற்றியும் வினாக்களின் பண்பாட்டுச் சூழல் பற்றியும் கூறப்பெற்ற தடைகளில் உண்மை உண்டு. எனினும், ஒரு மொழியிலும் பொருளை எடைபோடப் பழகாத மாணவனுக்கு ஆங்கிலப் பத்திகளை நூற்றுக்கணக்கில் கொடுத்துப் பயிற்றுவதால் விளைவது சொற்பொருத்தும் வேகமே.

இதில் பெரிதும் இழப்பவன், பத்தியைப் புரிந்துகொண்டும் அதனை ஆங்கில வாக்கியமாக எழுத இயலாத, வட்டார மொழி வழிப் பயிலும் மாணவன். புரிந்துகொள்ளாமல் பெயர்த்தெழுதியவன் அவனை முந்துகிறான். வாசிப்பை அளக்கும் கருவி எழுத்தை அளந்துவிட்டு அதனை வாசிப்பின் பெயரில் பதிகிறது. தெரிவு விடை வினாக்கள் பெருகியுள்ளமை இத்தடையை ஓரளவு குறைத்திருக்கிறது; விடையை விலக்கி விலக்கி ஊகிக்கும் புதிய உத்திக்கும் அதுவே வழி திறந்தது. கருத்துணர் வினாக்களுள் ஒன்றிரண்டுக்கேனும் மாணவன் தன் மொழியில் விடை எழுத இசைவளிப்பது, பழைய மொழிபெயர்ப்பு வினாவுக்குத் திரும்புவதாகாது; புளூம் வகுத்த முதற்பிரிவை மீட்பதாகும். மதிப்பீட்டாளர் அம்மொழி அறிந்தவராக இருத்தல் வேண்டும் என்ற இடர்ப்பாடு மாநில வாரியங்களுக்குப் பெரிதன்று. நாடு முழுவதற்குமான மத்திய வாரியத்துக்கே அது மெய்யான சிக்கல்.

ஒப்பீட்டுக்கு வேண்டிய தரவு ஆண்டுதோறும் தானே உருவாகிறது. மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்பில் இந்தித் தாளின் தொடக்கத்திலும் 'அபடித்' பகுதி உண்டு. இந்தியையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே பயிலும் மாணவன் ஒரே தேர்வுப் பருவத்தில் இரு மொழிகளிலும் காணாப் பத்திகளைப் படித்து விடை எழுதுகிறான். அவ்விரு விடைத்தாள்களும் வெவ்வேறு மதிப்பீட்டாளரிடம் செல்கின்றன.