ஷயர் வயிறு, ஷெட்லாண்ட் வயிறு

இறைச்சி மாடுகளைப் பற்றிப் படிக்கப் போனா, முதல்ல வந்து நிக்கிறது குதிரை. 1938-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வால்டன், ஹாமண்ட் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஷயர் என்பது பாரம் இழுக்கும் ராட்சதக் குதிரை. ஷெட்லாண்ட் நம் இடுப்பு உயரமே இருக்கும் மட்டக்குதிரை. செயற்கைக் கருவூட்டல் மூலம் இரண்டையும் இரு திசையிலும் கலந்தார்கள். ஷயர் தாய் ஈன்ற குட்டி, ஷெட்லாண்ட் தாய் ஈன்றதைவிடச் சுமார் மூன்று மடங்கு எடை! மரபணுக் கலவை ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். (ஒரே கோட், வேற சர்வர்.) வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுசா மறையல.

சரி, வயிறு மாறாமல் தீனி மட்டும் குறைந்தால்? அமெரிக்கப் பண்ணைகளில் பலர் இதைத் தெரிந்தே செய்தார்கள். கன்று சின்னதா இருந்தா முதல் ஈத்துக் கிடாரி சிரமப்படாது என்பது கணக்கு. 1975-ல் வெளிவந்த வயோமிங் ஆய்வு அதைக் கலைத்தது. சினையின் கடைசி 100 நாள் எரிசக்தி குறைத்துத் தீனி போட்ட கிடாரிகளின் கன்றுகள் எடை குறைவாகப் பிறந்தன, பால் மறக்கும்போதும் பின்தங்கின, அதிகமாகச் செத்தன. ஈத்துச் சிரமம் மட்டும் குறையவில்லை. கருவின் வளர்ச்சியில் சுமார் 75 சதவீதம் கடைசி இரண்டு மாதத்தில்தான் நடக்கிறது. கை வைத்ததே அந்த இடத்தில்.

எனக்கு இதைவிட முக்கியமாகத் தெரிவது நெப்ராஸ்கா மணற்குன்றுப் புல்வெளியில் நடந்தது. அங்கே குளிர்காலக் காய்ந்த புல்லில் புரதம் ரொம்பக் குறைவு. சினைப்பசுக்களில் ஒரு பகுதிக்கு மட்டும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தினம் அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான புரதத் தீவனம் கொடுத்தார்கள். கன்று பிறந்ததும் எடை போட்டால் வித்தியாசமே இல்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் 'காசு வீண்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நிறுத்தவில்லை. 2007-ல் வெளியான முடிவில், புரதம் தின்ற தாய்களின் பெண் கன்றுகள் வளர்ந்து 93 சதவீதம் சினை பிடித்தன. மற்றவை 80.

அதாவது, பாட்டி தின்ற தீவனத்தின் பலன் பேரன் பேத்தி எண்ணிக்கையில் தெரிகிறது. பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் முதலில் பார்த்தது பிறப்பு எடையைத்தான். தராசு பொய் சொல்லல. கேட்ட கேள்விதான் சின்னது. தசை நார்களின் எண்ணிக்கை பிறப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும், அதை எந்தத் தராசு காட்டும்?