குற்றம் யாருடையது? - தரக் கட்டுப்பாட்டுப் படத்தின் வரலாறு

ஆலையில் ஒரு பொருள் பழுதாக வெளிவந்தால் முதலில் எழும் வினா, "யார் செய்தது?" என்பதே. தொழிலாளி கண்டிக்கப்படுவார். மறுநாள் பழுது சற்றுக் குறைந்தால், கண்டித்ததன் பயன் என்று மேற்பார்வையாளர் மகிழ்வார். இவ்வழக்கம் எத்துணைப் பிழையுடையது என்பதை ஒரு படத்தால் விளக்கியவர் வால்ட்டர் ஷூவர்ட் என்னும் அமெரிக்க இயற்பியல் அறிஞர்.

சிக்காகோ நகரை அடுத்து ஹாதார்ன் என்னும் பேராலை இருந்தது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தாரின் அவ்வாலையில் தொலைபேசிக் கருவிகள் உருவாயின. செய்து முடித்தவற்றைச் சோதித்து, நல்லன வேறு பழுதானவை வேறு எனப் பிரிப்பதே அந்நாளில் தரம் காக்கும் முறை. நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவது போன்றது அது. பதர் ஏன் விளைந்தது என்பதை அது சொல்லாது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஷூவர்ட் 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தம் மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஏறத்தாழ ஒரு பக்கமே கொண்ட அதில் மூன்றில் ஒரு பகுதி ஒரு படம். அதுவே கட்டுப்பாட்டு வரைபடம்.

நடுவே சராசரியைக் காட்டும் ஒரு கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். அவ்வப்போது எண்ணிய பழுதுகளைப் புள்ளிகளாகக் குறித்து வர வேண்டும். புள்ளிகள் எல்லைக்குள் ஒழுங்கின்றி ஏறி இறங்கினால், அது தற்செயலாக நேர்வது. எல்லையைத் தாண்டினால், தேடிக் காணத் தக்க தனிக்காரணம் ஒன்று உண்டெனக் கொள்ளலாம். எல்லைகளைச் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கத் தொலைவில் இட்டார் ஷூவர்ட். எப்போது தலையிட வேண்டும் என்பதைவிட, எப்போது தலையிடக் கூடாது என்பதை இப்படம் சொல்வதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இதனை மக்கள் மனத்தில் பதிய வைத்தவர் எட்வர்ட்ஸ் டெமிங். இளமையில் கோடை விடுமுறைகளில் ஹாதார்ன் ஆலையிலேயே வேலை பார்த்தவர் அவர். தம் வகுப்புகளில் அவர் ஒரு விளையாட்டு நடத்துவார். பெட்டியில் 4,000 மணிகள். அவற்றுள் 800 செம்மணி, ஏனையவை வெண்மணி. 50 குழிகள் உள்ள மட்டையை அமிழ்த்தி மணிகளை எடுக்க வேண்டும். செம்மணியே பழுது. வந்திருப்போரில் அறுவரைத் தொழிலாளராக்கி, செம்மணி குறைவாக எடுத்தவரைப் புகழ்வார். மிகுதியாக எடுத்தவரைக் கடிந்து கொள்வார்.

கணக்கைப் பாருங்கள். ஐந்தில் ஒன்று செம்மணியாதலின் 50-க்குச் சராசரி 10. திட்டவிலக்கம் 50, 0.2, 0.8 ஆகியவற்றின் பெருக்கற்பலனாகிய 8-இன் வர்க்கமூலம், அஃதாவது 2.83. அதன் மும்மடங்கு ஏறத்தாழ 8.5. ஆகவே எல்லைகள் 1.5, 18.5. ஒருவர் 4 எடுத்தாலும் மற்றொருவர் 15 எடுத்தாலும் இருவர் திறமையிலும் வேறுபாடு காட்ட இடமில்லை. செம்மணியைப் பெட்டியில் இட்டவர் தொழிலாளியா? அதை நீக்கும் உரிமை அவருக்கு உண்டா? எல்லைக்குள் நிகழும் பழுதுக்கு முறையே காரணம், முறையை மாற்றும் பொறுப்பு நிருவாகத்தாருடையது என்பது டெமிங்கின் வாதம். வகுப்பறையில் ஒரு மாணவன் சென்ற தவணை 52-ம் இத்தவணை 48-ம் பெற்றதற்கு நாம் எத்தனை காரணம் கற்பிக்கிறோம்!

போரில் நொறுங்கிய ஜப்பானில் இக்கருத்து வேரூன்றியது. ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் சங்கத்தின் அழைப்பில் 1950-இல் டெமிங் அங்குச் சென்று எட்டு நாள் வகுப்பு நடத்தினார். நிறுவனத் தலைவர்களையும் தனியே சந்தித்துப் பேசினார். அவ்வுரைகளின் நூலுரிமைத் தொகையை அவர் பெற்றுக்கொள்ளவில்லை. அத்தொகையைக் கொண்டு 1951-இல் டெமிங் பரிசு தொடங்கப்பட்டது.

எனினும் கணக்கு வல்லாரிடமிருந்த கலையைத் தொழிலாளர் கைக்குக் கொண்டு சேர்த்ததில் கவோரு இஷிகாவாவின் பங்கு பெரிது. ஒரு பழுதின் காரணங்களைக் கிளைகிளையாக எழுதும் மீன்முள் படம் அவருடையது. கோடிட்டு எண்ணும் சரிபார்ப்புத் தாள், எது மிகுதி என்று வரிசைப்படுத்தும் பாரெட்டோ படம் முதலிய ஏழு எளிய கருவிகளை அவர் எல்லார்க்கும் உரியவாக்கினார். பென்சிலும் தாளும் போதும். 1962-இல் மேற்பார்வையாளர்க்கும் தொழிலாளர்க்கும் என்றே ஓர் இதழ் தொடங்கப்பட்டது. அதனைக் கூடிப் படிக்கவும் தம் வேலையைத் தாமே ஆராயவும் எழுந்த சிறு குழுக்களே தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள்.

1980-களில் தேசிய உற்பத்தித்திறன் வாரியத்தின் ஊக்கத்தால் சிங்கப்பூரிலும் இவ்வட்டங்கள் பரவின. சென்னைப் பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக்குப் பிரிவு 1998-இல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனங்களுள் அப்பரிசை முதலில் பெற்றது அதுவே.