ஏரோது குடும்பம்: தீய அரசர்களும் கடவுளின் ஆளுகையும்

ஏரோது குடும்பம் என்பது கி.மு. 37 முதல் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதி வரை, உரோமப் பேரரசின் தயவில் யூதேயாவையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் ஆண்ட அரச குடும்பமாகும். புதிய ஏற்பாட்டில் இயேசுவின் பிறப்பு முதல் பவுலின் விசாரணை வரை இப்பெயர் வந்துகொண்டே இருக்கிறது. "சார், ஏரோது மத்தேயு இரண்டாம் அதிகாரத்திலேயே செத்துப்போனானே, அப்புறம் எப்படி யோவானின் தலையை வெட்டினான்?" என்று வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்விதான். அது ஒரே ஆள் அல்ல. மகா ஏரோது, அவன் மகன்கள், பேரன், கொள்ளுப்பேரன் என நான்கு தலைமுறைகள் அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கின்றன.

இக்குடும்பத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று புதிய ஏற்பாடு, மற்றொன்று கி.பி. 37இல் பிறந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸின் நூல்கள். முன்னது கடவுளின் செயலைச் சொல்ல எழுதப்பட்டது, பின்னது அரசியலைச் சொல்ல எழுதப்பட்டது. இருந்தும் இந்தக் குடும்பத்தின் குணத்தைப் பற்றி இரண்டுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

மகா ஏரோது

ஏரோது யூத அரச மரபில் பிறந்தவன் அல்லன். தந்தை அந்திபாத்தர் இதுமேயா நாட்டவன். தாய் கிப்ரோஸ் அரபு நபாத்தேய இனத்தவள். கி.மு. 40இல் உரோம ஆட்சிமன்றம் ஏரோதுக்கு "யூதரின் அரசன்" என்ற பட்டத்தைக் கொடுத்தது. பட்டம் கிடைத்தும் நாடு கைக்கு வரவில்லை. மூன்று ஆண்டுகள் போரிட்டு, உரோமப் படையின் துணையோடுதான் எருசலேமைப் பிடித்தான். மக்கள் தன்னை ஏற்கவில்லை என்ற அச்சம் சாகும்வரை அவனை விடவில்லை. அவன் செய்த கொலைகளில் பல அந்த அச்சத்திலிருந்து வந்தவை.

பழைய அசமோனேய அரச குடும்பத்தில் பெண் எடுத்தால் மக்கள் மதிப்பார்கள் என்று மரியம்னேயை மணந்தான். அவள் தம்பி அரிஸ்தொபூலு தலைமைக் குருவாகி, மக்கள் அவனை ஆரவாரத்தோடு வரவேற்றதைக் கண்டான். அந்த 18 வயது இளைஞன் எரிகோ அரண்மனைக் குளத்தில் விளையாட்டுப்போல அமுக்கிக் கொல்லப்பட்டான். சவ அடக்கத்தில் ஏரோது அழுதானாம். பிறகு மரியம்னேயின் முதிய தாத்தா, கி.மு. 29இல் மரியம்னே, அடுத்து அவள் தாய் என்று வரிசையாகச் சாகடிக்கப்பட்டார்கள். கி.மு. 7இல் அவள் பெற்ற இரண்டு மகன்களையும் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தான். வேறொரு மனைவியின் மகனான அந்திபாத்தரைக் கொன்றபோது, ஏரோதுக்கே மிச்சம் இருந்தது ஐந்து நாள் ஆயுள்தான்.

அவனைக் கொடியவன் என்று மட்டும் எழுதிவிட்டால் வரலாறு குறைபடும். செசரியாவில் கடலுக்குள் கல்லும் சாந்தும் இறக்கிப் பெரிய துறைமுகம் கட்டியவன் அவன். கி.மு. 25ஐ ஒட்டி வந்த பஞ்சத்தில் அரண்மனைப் பொன்னையும் வெள்ளியையும் விற்று எகிப்திலிருந்து தானியம் வாங்கி மக்களுக்குக் கொடுத்தான். எருசலேம் ஆலயத்தைப் புதுப்பிக்கும் மாபெரும் வேலையைத் தொடங்கியதும் அவனே. இயேசு சிறுவனாக அமர்ந்து கேள்வி கேட்டதும், பின்னாளில் பேதுரு நின்று பிரசங்கித்ததும் அந்த ஆலயத்தில்தான்.

அவன் இறந்தது கி.மு. 4இல் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. தன் சாவுக்கு நாட்டில் யாரும் அழமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே நாட்டின் முக்கியஸ்தர்களை எரிகோ பந்தயத் திடலில் அடைத்துவைத்து, தன் உயிர் பிரிந்ததும் அவர்களைக் கொன்றுவிடும்படி தங்கை சலோமேயிடம் சொல்லிவைத்தான். வீட்டுக்கு வீடு அழுகை கேட்க வேண்டும் அல்லவா! அவன் இறந்ததும் சலோமே அவர்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று யோசேபஸ் எழுதுகிறார்.

பெத்லகேம்

பெத்லகேம் குழந்தைகளின் கொலையை மத்தேயு மட்டுமே சொல்கிறார், யோசேபஸ் சொல்லவில்லை. இதை வைத்து அந்நிகழ்ச்சியை ஐயுறும் ஆய்வாளர்கள் உண்டு. பெத்லகேம் அன்று சிற்றூர். இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் அங்கே மிகுதியாக இருந்திருக்க முடியாது. ஏரோதின் மற்றக் கொலைகளுக்கு நடுவே அது ஊர் தாண்டிப் பேசப்படாமல் போயிருக்கலாம் என்பது மறுதரப்பின் பதில். சொந்தப் பிள்ளைகளைக் கொன்றவன் அடுத்தவர் பிள்ளைகளைக் கொல்லத் தயங்கியிருப்பானா என்று நானும் நினைப்பதுண்டு. ஆயினும் அது சான்று ஆகாது.

பள்ளிக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது வேடத்துக்குத்தான் பையன்களிடையே போட்டி. கிரீடம், வாள், உரத்த குரல் எல்லாம் அவனுக்குத்தானே. ஆனால் பெத்லகேம் காட்சியை நாங்கள் மேடையில் காட்டியதில்லை. சாஸ்திரிகள் போனதும் யோசேப்பும் மரியாளும் நேரே எகிப்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள். மத்தேயு அப்படித் தாண்டிப் போகவில்லை. குழந்தை இயேசு தப்பினார் என்று எழுதிய கையோடு, ஆறுதல் பெற மறுத்து அழும் ராகேலை எரேமியாவின் நூலிலிருந்து கொண்டுவந்து நிறுத்துகிறார். ஏரோதின் திட்டம் தோற்றது; அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. கடவுளின் ஆளுகை என்று பேசுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

அர்கெலாயு

ஏரோதின் நாடு மூன்று மகன்களுக்குப் பங்கிடப்பட்டது. யூதேயா அர்கெலாயுவுக்குப் போயிற்று. முதல் பஸ்காவிலேயே ஆலய வளாகத்தில் கலகம் என்று படையை ஏவி, ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றான். அவனுக்குப் பயந்தே யோசேப்பு யூதேயாவை விட்டுக் கலிலேயாவின் நாசரேத்துக்குப் போனார். கி.பி. 6இல் மக்களின் முறையீட்டைக் கேட்ட அகுஸ்து அவனைக் கால் நாட்டுக்கு, அதாவது இன்றைய பிரான்சுக்கு, நாடு கடத்தினார். யூதேயா உரோம ஆளுநர்களின் கைக்குப் போனது. இதனால்தான் பின்னாளில் மரண தண்டனைக்காக இயேசுவைப் பிலாத்துவிடம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. உரோமரின் தண்டனையான சிலுவை எருசலேமுக்கு வெளியே நின்றது.

அந்திபாவும் ஏரோதியாளும்

கலிலேயாவைக் காற்பங்கு தேசாதிபதியாக ஆண்ட ஏரோது அந்திபா, நபாத்தேய அரசன் அரேத்தாவின் மகளைத் தள்ளிவிட்டு, தன் சகோதரனின் மனைவி ஏரோதியாளைச் சேர்த்துக்கொண்டான். அதைக் கண்டித்த யோவான் ஸ்நானனைச் சிறையில் அடைத்துத் தலையை வெட்டினான். நடனமும் ஆணையும் தாலமும் சுவிசேஷங்களில் வருகின்றன. யோவானுக்கு மக்களிடம் இருந்த செல்வாக்கைக் கண்டு அஞ்சிய அரசியல் கொலை என்று யோசேபஸ் சொல்கிறார். சிறை இருந்த கோட்டை மக்கேரு என்றும் குறிப்பிடுகிறார். இரண்டு காரணங்களும் ஒரே மனிதனிடம் இருந்திருக்கக்கூடும். கி.பி. 36இல் அரேத்தாவிடம் அந்திபாவின் படை தோற்றபோது, இது யோவானைக் கொன்றதற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று யூதர் சிலர் பேசிக்கொண்டார்களாம். கி.பி. 39இல் ஏரோதியாளின் தூண்டுதலால் அரச பட்டம் கேட்க உரோமுக்குப் போனவன், பட்டத்துக்குப் பதில் நாடு கடத்தலைப் பெற்றான். பேரரசன் காலிகுலா ஏரோதியாளை மட்டும் விட்டுவிட முன்வந்தும், அவள் மறுத்துக் கணவனோடு போய்விட்டாள். அந்தக் குடும்பத்தில் காணக் கிடைத்த விசுவாசம் அது.

இயேசுவைப் பரிகசித்துப் பளபளப்பான உடை உடுத்திப் பிலாத்துவிடம் திருப்பி அனுப்பியவனும் இந்த அந்திபாவே. அன்றைக்குத்தான் இருவரும் நண்பர்களானார்கள் என்கிறார் லூக்கா. சில வாரங்கள் கழித்து எருசலேமில் சபையார் கூடிச் செய்த ஜெபம் அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏரோதையும் பிலாத்துவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்கள் கூடிச் செய்தது கடவுளின் கரமும் ஆலோசனையும் முன்குறித்ததையே என்று அறிக்கையிடுகிறார்கள். இதைப் படித்து, "அப்படியானால் ஏரோது மேல் என்ன குற்றம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்நூலின் 2ஆம் அதிகாரத்தில் பேதுரு, இயேசு கடவுளின் திட்டப்படி ஒப்புக்கொடுக்கப்பட்டதையும், அக்கிரமக்காரரின் கையால் கொல்லப்பட்டதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். திட்டம் என்பதால் கொலை கொலையல்லாமல் போகவில்லை. அந்த ஜெபத்தில் பழிவாங்கும் வேண்டுதலும் இல்லை. அஞ்சாமல் பேசத் தைரியம் கேட்கிறார்கள்.

முதலாம் அகிரிப்பா

மகா ஏரோதின் பேரன் அகிரிப்பா கி.பி. 41இல் தாத்தாவின் நாடு முழுவதையும் பெற்றான். எருசலேம் ஆலயத்தில் தன் சிலையை வைக்கத் துணிந்த காலிகுலாவைத் தடுக்க முயன்றவன் என்ற நற்பெயர் அவனுக்கு உண்டு. நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் வரும் ஏரோது இவனே. யோவானின் சகோதரன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான்; அடுத்துப் பேதுருவைச் சிறையிலடைத்தான். பேதுரு தேவதூதனால் விடுதலையாகும் கதை விரிவாக வருகிறது. யாக்கோபின் சாவுக்கு ஒரே ஒரு வசனம்.

அரசன் ஒருவன்தான், சபையும் ஒன்றுதான். ஒருவர் தப்பினார், ஒருவர் தப்பவில்லை. "பேதுருவுக்கு இன்னும் வேலை பாக்கி இருந்தது" என்று இளம் வயதில் பிள்ளைகளிடம் சொல்லிவந்தேன். யாக்கோபுக்கு மட்டும் வேலை முடிந்துவிட்டதா என்று ஒரு மாணவி திருப்பிக் கேட்ட பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். லூக்கா காரணம் எதுவும் எழுதவில்லை; அவர் எழுதாததை நாம் எழுதிச் சேர்ப்பது முறையல்ல. அதே அதிகாரத்தின் முடிவில் அகிரிப்பா செசரியாவில் சாகிறான். ஆண்டு கி.பி. 44. வெள்ளி உடை மின்ன அரங்கில் வந்து நின்றவனை மக்கள் தெய்வம் என்று வாழ்த்தினார்கள், அவன் மறுக்கவில்லை, அங்கேயே வயிற்றுவலி தொடங்கி ஐந்தாம் நாள் இறந்தான் என்று யோசேபஸும் எழுதியிருக்கிறார்.

அவன் மகன் இரண்டாம் அகிரிப்பா சகோதரி பெர்னீக்கேயாளுடன் வந்து பவுலின் வழக்கைக் கேட்டான். இராயனுக்கு அபயமிட்டிராவிட்டால் இவனை விடுதலை செய்திருக்கலாம் என்றான். பவுல் உரோமுக்குக் கப்பலேறினார். கி.பி. 70இல் உரோமர் எருசலேமை எரித்தபோது இந்த அகிரிப்பா உரோமர் பக்கம் இருந்தான். கொள்ளுத்தாத்தா தொடங்கிய ஆலயமும் அந்தத் தீயில் போயிற்று. இன்னொரு சகோதரியான துருசில்லாளின் மகன் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மாண்டான். அகிரிப்பாவுக்குப் பின் அந்த மரபில் அரசன் யாரும் இல்லை.

அரண்மனைக்குள் இருந்தவர்கள்

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது வாசகர்கள் கவனிக்காமல் விடும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒருவர் மனாயீன். அந்திபாவோடு ஒன்றாக வளர்க்கப்பட்டவர். பிற்காலத்தில் அந்தியோகியா சபையின் போதகர்களுள் ஒருவராகப் பவுல், பர்னபாவோடு சேர்த்துக் குறிப்பிடப்படுகிறார். ஒரே வீட்டில் உண்டு வளர்ந்த இருவரில் ஒருவன் யோவானின் தலையை வெட்டினான்.

மற்றவர் யோவன்னாள். அந்திபாவின் காரியக்காரனான கூசாவின் மனைவி. தன் சொந்தப் பணத்தால் இயேசுவுக்கும் சீடருக்கும் ஊழியம் செய்த பெண்களில் ஒருவர் என்று லூக்கா எழுதுகிறார். கூசாவின் சம்பளம் வந்தது ஏரோதின் கருவூலத்திலிருந்து என்று கொண்டால், இயேசுவைக் கொல்லப் பார்த்த அந்த அரசனின் பணத்தில் ஒரு பங்கு அவருடைய சீடர்களின் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறது. உயிர்த்தெழுந்த காலையில் கல்லறைக்குப் போய்த் திரும்பி வந்து சீடர்களிடம் சொன்ன பெண்களின் பெயர்களிலும் யோவன்னாள் பெயர் இருக்கிறது.