சதுரங்கப்பட்டினத்தில் ஒரு சரிபார்ப்பு

கம்பெனி வேலையை உதறிவிட்டு, 'இனிமேல் நான் தனி ஆள்... கன்சல்டன்ட்!' என்று கிளம்பிய ஒருவர் உங்கள் வட்டாரத்திலும் நிச்சயம் இருப்பார். அவர் முதலில் செய்கிற காரியம் என்ன? ஆபீஸுக்கு இடம் பார்ப்பதா? ஊஹும்! இன்டர்நெட்டில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் தயார் செய்வது. கோட்டு போட்ட போட்டோ, இத்தனை வருட அனுபவம், வேலை பார்த்த பெரிய இடங்களின் பெயர்கள், பழைய மேலதிகாரிகள் எழுதித் தந்த நாலு வரிப் பாராட்டு... எல்லாம் கச்சிதமாக இருக்கும். பின்னே? மாதச் சம்பளக்காரருக்காக அவருடைய கம்பெனியின் பெயர் முன்னால் போய்ப் பேசும். தனி ஆளுக்கு அவர் பெயர்தானே பேசியாக வேண்டும்!

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே நம் கடற்கரையில் இதே தொழில் அமோகமாக நடந்தது. அதைச் செய்தவர்களுக்கு 'துபாஷி' என்று பெயர். துவி பாஷை, அதாவது இரண்டு மொழி தெரிந்தவர். மொழிபெயர்ப்பு என்பது அவர் வேலையில் பாதிகூட இல்லை. கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரருக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, கடன் ஏற்பாடு செய்வது, எந்தச் சரக்கை எங்கே வாங்கலாம், யாரை நம்பலாம் என்று ஆலோசனை சொல்வது எல்லாமே துபாஷிதான். கம்பெனிச் சம்பளப் பட்டியலில் அவர் இருக்க மாட்டார். ஓர் அதிகாரிக்குத் துபாஷியாக இருந்துகொண்டே, சொந்தக் கணக்கில் வியாபாரமும் செய்வார்.

சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. மசூலாப் படகில் அலையோடு போராடி, தொப்பலாக நனைந்து கரைக்கு வரும் வெள்ளைக்காரரைத் துபாஷிகள் சூழ்ந்துகொள்வார்கள். கையில் கத்தையாக நற்சான்றுக் கடிதங்கள்! முந்தைய எஜமானர்கள் எழுதிக் கொடுத்தவை. இந்தக் கடிதத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'சிட்'. நம் நாட்டு 'சிட்டி' என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டது. புதிதாக வந்தவருக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. கடிதத்தை நம்ப வேண்டியதுதான்!

சரி, அந்தக் கடிதம் உண்மைதானா என்று யாராவது உட்கார்ந்து சரிபார்த்தால்? துபாஷிகளின் கடிதம் இருக்கட்டும். ஒரு தேசத்தின் தலையெழுத்தையே தீர்மானிக்கக்கூடிய கடிதங்கள் அப்படிச் சரிபார்க்கப்பட்டது சதுரங்கப்பட்டினத்தில்தான்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டிப் போனால், கல்பாக்கத்தை ஒட்டி இந்த ஊர் வரும். வெள்ளைக்காரர் வாயில் இது 'சட்ராஸ்' ஆனது. துணி வியாபாரத்துக்காக வந்த டச்சுக்காரர்கள் இங்கே கட்டிய கோட்டை, இடிந்த நிலையில் இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதற்குள் அவர்களுடைய கல்லறைகள். ஒவ்வொரு கல்லிலும் பெயரையும் குலச் சின்னத்தையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார்கள். செத்த பிறகும் 'நான் யார் தெரியுமா?' என்று சொல்ல மனிதனுக்கு எத்தனை ஆசை பாருங்கள்!

1754 ஜனவரியில் இந்த ஊருக்கு இரண்டு கோஷ்டிகள் வந்து சேர்ந்தன. சென்னையிலிருந்து ஆங்கிலேயர், புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர். ஆற்காட்டு நவாப் யார் என்பதில் 1749 முதல் இருவருக்கும் சண்டை. ஆங்கிலேயரின் ஆள் முகமது அலி. பிரெஞ்சுக்காரரின் ஆள் சந்தா சாகிப். அவர் 1752-ல் கொல்லப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. ஐரோப்பாவில் இருந்த முதலாளிகளோ செலவுக் கணக்கைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டு விட்டார்கள். பேசித் தீர்க்கலாம் என்று முடிவானது. எங்கே பேசுவது? இரண்டு பேருக்கும் பொதுவான இடம், நடுவில் இருந்த டச்சுக்காரர்களின் சதுரங்கப்பட்டினம்.

பிரெஞ்சுத் தரப்பின் மூளை, புதுச்சேரி கவர்னர் டூப்ளே. தன் பெருமையைப் பரப்புவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது! 1750 டிசம்பரில் செஞ்சிக்குப் பக்கத்தில் நாஸர் ஜங் கொல்லப்பட்டு, முஸாபர் ஜங் தக்காணத்துக்கு அதிபதியானார். அவர் டூப்ளேவுக்கு, கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள நாட்டுக்கெல்லாம் அதிகாரி என்று பட்டம் கொடுத்தார். டூப்ளே மொகலாயப் பிரபுவைப் போல உடுத்திக்கொண்டு தர்பாரில் அமர்ந்தார். வெற்றி கிடைத்த இடத்தில் 'டூப்ளே ஃபதேபாத்' என்று தன் பெயரிலேயே ஓர் ஊரை எழுப்பக் கிளம்பினார். 1752-ல் அந்த வழியாகப் படையோடு வந்த ராபர்ட் கிளைவ் அதைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார். இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை, சொந்தப் பெயர் வைத்த ஊர்!

ஊர் போனாலும் காகிதம் இருக்கிறதே. லாவோர் என்ற ஏசு சபைப் பாதிரியார் உள்ளிட்ட பிரெஞ்சுப் பிரதிநிதிகள் சதுரங்கப்பட்டினத்தில் அந்தக் காகிதங்களை எடுத்து வைத்தார்கள். முஸாபர் ஜங் கொடுத்தது, அவருக்குப் பின் வந்த சலாபத் ஜங் கொடுத்தது, இவற்றுக்கெல்லாம் மேலாக டெல்லி பாதுஷாவே எழுதியதாக ஒரு கடிதம்! முஸாபர் ஜங் 1751-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். 'கொடுத்தீரா?' என்று அவரிடம் போய்க் கேட்க முடியாது!

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஹென்றி வான்சிட்டார்ட், சின்ன வயசு. பாரசீக மொழியைக் கருத்தாகப் படித்தவர். அந்தக் காலத்து அரசாங்கக் கடிதங்கள் பாரசீகத்தில் இருக்கும். வெள்ளைக்காரர்கள் பொதுவாக முன்ஷியையோ துபாஷியையோதான் நம்பியிருந்தார்கள். இங்கே வந்திருந்தவருக்கோ பாரசீகம் தெரியும்! ஆங்கிலேயர் கடிதங்களைப் பார்வையிட்டார்கள். பாதுஷாவின் முத்திரையே சரியில்லை, இது போலி என்று குற்றச்சாட்டை வீசினார்கள்.

பிரெஞ்சுக்காரர் சும்மா இருப்பார்களா? உங்கள் முகமது அலிக்கு என்ன ஆதாரம் இருக்கிறது, அதை எடுங்கள் பார்க்கலாம் என்றார்கள். ஆங்கிலேயர் விழித்தார்கள். ஆதாரம் உண்டு என்று வாயால் சொன்னார்களே தவிர, ஒரு காகிதத்தையும் மேஜைமேல் வைக்கவில்லை! ஒருவர் காட்டியதில் சந்தேகம், இன்னொருவரிடம் காட்டவே ஒன்றுமில்லை. பேச்சுவார்த்தை முறிந்தது. டூப்ளேவைத் திருப்பி அழைத்துக்கொள்ளும் முடிவைப் பாரீஸ் முன்பே எடுத்திருந்தது. அந்த ஆகஸ்டிலேயே கோதே என்ற புது அதிகாரி புதுச்சேரியில் வந்து இறங்கினார். 1763-ல் டூப்ளே பாரீஸில் கடனாளியாக இறந்தார்.

ஆங்கிலத் தரப்பின் இரண்டாவது ஆள் யார் தெரியுமா? ராபர்ட் பாக். பாதிரியாராக இந்தியாவுக்கு வந்து, பின்னால் சென்னை கவர்னராக உயர்ந்தவர். ராமேஸ்வரத்தை ஒட்டிய பாக் ஜலசந்தி அவர் பெயரில்தான் இருக்கிறது. அது மற்றவர்கள் வைத்த பெயர். ஜெயித்த கட்சி என்பதால் நிலைத்தது என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனாலும் டூப்ளே தானே தனக்கு வைத்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள்!

இனி நம் துபாஷிகளுக்கு வருவோம். கவர்னர் ஹாலண்டின் துபாஷி அவதானம் பாப்பையா, 1789-90 வாக்கில் சென்னையையே ஆட்டிவைத்தவர். அவர் தயவில்லாமல் காரியம் நடக்காது என்று பெயர். ஹாலிபர்ட்டன் என்ற கம்பெனி அதிகாரியைக் கவிழ்க்கப் பொய்ப் புகார்கள் ஜோடித்த சதி வழக்கில், 1792-ல் பாப்பையாவுக்குத் தண்டனை கிடைத்தது. அவர் புகழ் கடல் தாண்டியது உண்மை. எப்படி? 1827-ல் சர் வால்டர் ஸ்காட் எழுதிய கதையில் சூழ்ச்சிக்காரத் துபாஷியாக!

அதே காலத்தில் இன்னொரு துபாஷி. சதுரங்கப்பட்டினத்தில் முத்திரைச் சண்டை நடந்த அதே 1754-ல், பெரியபாளையத்தில் பிறந்தவர். பிறக்கும் முன்பே அப்பா போய்விட்டார். குடும்பம் சென்னைக்கு வந்து, பௌனி நாராயண பிள்ளை என்ற துபாஷியின் ஆதரவில் ஒண்டியது. பையன் அவரிடமே தொழில் கற்றான். அவர்தான் பச்சையப்ப முதலியார். தஞ்சாவூர் வரை தொழில் பரவி, பெரும் பணம் சேர்த்தார். துபாஷித் தொழிலில் சேர்ந்த பணமெல்லாம் சுத்தத் தங்கம் என்று சரித்திரம் சொல்லாது. ஆனால் 1794-ல் நாற்பது வயதில் இறக்கும் முன், சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார். உயிலைப் பிடித்துக்கொண்டு பல வருடம் கோர்ட்டில் இழுபறி நடந்தது. அந்த உயில் தாக்குப்பிடித்தது. 1842-ல் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அது வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆனது.

இந்த இரண்டு துபாஷிகளுமே கடற்கரையில் கடிதக் கத்தையோடு தொழில் நடந்த காலத்து ஆட்கள்தான். ஒருவர் கட்டிய பெயர் கோர்ட்டில் சரிந்தது. இன்னொருவர் எழுதிய காகிதம் கோர்ட்டையும் தாண்டி நின்றது.

அதனால், இன்டர்நெட்டில் உங்கள் பக்கத்தைத் தயார் செய்யுங்கள், தப்பில்லை. பெயர் வெளியே தெரியாத தனி ஆளுக்கு வேலை வராது. தாராளமாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை, எதிரே வான்சிட்டார்ட் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள். அவருக்குப் பாரசீகம் தெரியும்!