பணிநிலையக் கணினிகளின் விலையும் பயனும்

வொர்க்ஸ்டேஷன் எனப்படும் பணிநிலையக் கணினி, பொறியாளர்கள், அறிவியலாளர்கள், திரைப்பட வரைகலைக் கலைஞர்கள் போன்றோரின் கடினமான பணிகளுக்கென வடிவமைக்கப்படும் மேசைக் கணினியாகும். சாதாரணக் கணினியைவிடப் பல மடங்கு விலையுள்ள இவை அந்த விலைக்குத் தகுந்தவையா என்ற கேள்வி, இவை விற்பனைக்கு வந்த நாள் முதல் இருந்து வருகிறது. காலத்துக்குக் காலம் அதற்கு வெவ்வேறு விடை கிடைத்துள்ளது.

தொடக்கம்

1970களில் ஒரே கணினியைப் பலர் முனையங்கள் வழியாகப் பகிர்ந்து பயன்படுத்தினர். 1977இல் வெளியான வேக்ஸ்-11/780 போன்ற கணினியின் விலை ஒரு லட்சம் டாலருக்கும் மேல். பயனர்கள் கூடினால் அனைவரின் வேலையும் மெதுவாகும். ஒருவருக்கு ஒரு கணினி என்ற கருத்தை 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையம் ஆல்டோ கணினி மூலம் செயல்படுத்தியது. அதன் வழியில் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் 1981இல் 16,595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் வந்த ஐபிஎம் தனிநபர் கணினியின் தொடக்க விலை 1,565 டாலர். கடிதமும் அறிக்கையும் தயாரிக்கப் பத்து மடங்கு செலவிடப் பெரும்பாலான அலுவலகங்கள் முன்வரவில்லை. ஸ்டார் வணிக வெற்றி பெறவில்லை.

பொற்காலம்

1980இல் தொடங்கப்பட்ட அப்பல்லோ, 1982இல் தொடங்கப்பட்ட சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஆகிய நிறுவனங்கள் பொறியாளர்களை நோக்கிச் சென்றன. பகிர்வுக் கணினியோடு ஒப்பிட்டால் இவர்களின் கணினிகள் மலிவானவை. மலிவான தனிநபர் கணினிகளால் அன்று மின்சுற்று வடிவமைப்பு போன்ற வேலைகளைச் செய்யவும் முடியாது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் முப்பரிமாணப் படங்களைக் கணக்கிடுவதற்கெனத் தனிச் சில்லுகளை உருவாக்கியது. 1993இல் வெளியான ஜுராசிக் பார்க் திரைப்படத்தின் கணினி வரைகலை டைனோசர்கள் அதன் கணினிகளில் உருவாயின.

நெக்ஸ்ட் நிறுவனம் 1988இல் 6,500 டாலர் விலையில் அறிமுகம் செய்த கணினி அதிகம் விற்கவில்லை. 1993இல் அந்நிறுவனம் கணினித் தயாரிப்பையே நிறுத்தியது. ஆனால் 1990இல் சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் இணைய உலாவியை எழுதியது அக்கணினியில்தான். மென்பொருளை விரைவாக உருவாக்க உதவும் அதன் கருவிகள் அப்பணியை எளிதாக்கின.

வீழ்ச்சி

தனிநபர் கணினிகள் கோடிக்கணக்கில் விற்றதால், அவற்றின் சில்லுகளுக்கான ஆய்வுச் செலவு ஒவ்வொரு கணினியிலும் சிறு தொகையாகவே சேர்ந்தது. அவற்றைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையில் விற்கும் பணிநிலையங்களுக்கு இந்த வசதி இல்லை. 1995இல் பென்டியம் புரோவும், 1999இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 256 வரைகலை அட்டையும் வந்த பின் இடைவெளி வேகமாகக் குறைந்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் 2006இலும் 2009இலும் திவால் பாதுகாப்புக் கோரியது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது.

இன்றைய நிலை

இன்றைய பணிநிலையங்களும் தனிநபர் கணினிகளின் தொழில்நுட்பத்தையே பெரிதும் பயன்படுத்துகின்றன. பிழைதிருத்தும் நினைவகம், மிகுதியான நினைவகக் கொள்ளளவு, குறிப்பிட்ட மென்பொருள்களில் சோதித்துப் பெற்ற சான்றளிப்பு ஆகியவற்றுக்கே கூடுதல் விலை. நாள்கணக்கில் ஓடும் கணக்கீட்டில் நினைவகத்தின் ஒரு பிட் மாறினாலும் முடிவு பிழையாகலாம் என்பதால் முதல் வசதி ஆய்வகங்களுக்கு முக்கியமானது. விளையாட்டுக்கும் எழுத்து வேலைக்கும் அது பெரிதாகப் பயன்படாது.

ஆப்பிள் 2019இல் வெளியிட்ட மேக் புரோவின் தொடக்க விலை 5,999 டாலர். எல்லா வசதிகளோடும் அது 50,000 டாலரைத் தாண்டியது. அதனுடன் அறிமுகமான திரைக்குரிய தாங்கி மட்டும் 999 டாலர். 2022இல், 3,999 டாலரில் தொடங்கும் எம்1 அல்ட்ரா மேக் ஸ்டூடியோ, 28 கருக்கள் கொண்ட மேக் புரோவைவிடச் செயலி வேகத்தில் 60 விழுக்காடு வரை விஞ்சும் என ஆப்பிளே அறிவித்தது. மூன்றே ஆண்டுகளுக்குள் ஏற்பட்ட மாற்றம் இது.

மதிப்பீடு

மலிவான கணினியால் செய்ய இயலாத வேலை இருந்தபோதும், காத்திருக்கும் நேரம் கணினியின் விலையைவிட அதிக இழப்பைத் தந்தபோதும் பணிநிலையங்கள் தம் விலையை ஈட்டிக் கொடுத்தன. அத்தகைய வேலை இல்லாதவர்களுக்கு அவை வீண் செலவாயின. விலை கொடுத்து வாங்கிய வேகமும் நெடுநாள் நிலைப்பதில்லை. எனவே வாங்கிய ஓரிரு ஆண்டுகளுக்குள் செலவை மீட்கும் வேலை கையில் இருக்கிறதா என்பதே வாங்குவோர் முதலில் கணக்கிட வேண்டியது.